என் நடைக்கு வந்த ஊர்

1984-இல் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கபடி விளையாட்டில் என் வலது கணுக்கால் பிசகியது. அன்று தொடங்கியது என் துன்பம்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.

அம்மா பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் பாதத்தால் நீவிவிட்டால் சுளுக்குப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள்கூட அம்மாவைத் தேடி வருவார்கள். எனக்கும் நீவினாள். புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். "எந்திரிச்சு நடய்யா, நடந்தாத்தான் சுளுக்கு விடும்" என்றாள். வீக்கம் வற்றுமுன்பே பள்ளிக்கு நடந்தேன்.

அதன்பின் அந்தக் கால் நிலைகொள்ளவே இல்லை. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் ஓரத்தில் பாதம் பட்டால் போதும், கணுக்கால் மடங்கிவிடும். மறுபடியும் நீவல், பற்று, மறுநாளே நடை. என் காலுக்காக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பங்குனிதோறும் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தோம். வலித்தால், ஆத்தா சோதிக்கிறாள் என்று நினைத்தோம்.

அருப்புக்கோட்டையில் கல்லூரி சேர்ந்தபோது, பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி, தரையைப் பார்த்தபடியே நடப்பவனாகிவிட்டேன். "ஏலே, தெனமும் தேடுறியே, அப்படி என்னத்தலே தொலைச்ச?" என்பான் பக்கத்து பெஞ்சு நண்பன். நானும் சிரித்துவைப்பேன். படியிறங்கும்போது மூட்டுக்குள் மணல் அரைபடுவது போலிருக்கும்.

1992-இல் மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்தார்.

"மூட்டை இழுத்துப் பிடிக்கிற ஜவ்வு தளந்துபோச்சு தம்பி. ஒருதடவைகூட அதை ஆற விடல நீங்க. கீல் ஆடுற கதவு நிலையில உரசுற மாதிரி, மூட்டு நகந்து நகந்து, எலும்பு முனையில இருக்குற குருத்தெலும்பு ஒருபக்கமா தேஞ்சிருக்கு. தேஞ்சது பழையபடி வளராது. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் காரியாபட்டி தாண்டியதும் சொன்னாள்.

"நாந்தான்யா உன் காலைக் கெடுத்துட்டேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குப்பின் அவள் யாருக்கும் நீவவே இல்லை. தேடி வந்தவர்களை, "எனக்கு ஏலாது, ஆசுபத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஆண்டு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கோயில் வாசலில் விழுந்து அழுதேன். அம்மாவைக் கொடு என்று கேட்டேன். கிடைக்கவில்லை. சித்திரை வெயிலில் அம்மா போய்விட்டாள்.

பாடைக்கு முன்னால் மகன் நெருப்புச் சட்டியை ஏந்தி வெறுங்காலோடு சுடுகாடுவரை நடக்க வேண்டும். பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சட்டிய என் மகன் தூக்கட்டும்யா. உங்கம்மாவே சொல்லிட்டுத்தான் போயிருக்கா. அவனை நடக்க விடாதீக, கால் போயிரும்னு."

என்னை முடமாக்கிவிட்டோம் என்று நம்பியே அவள் கண்ணை மூடியிருக்கிறாள். அவளுக்காக இந்த ஒருநாள் நான் நடக்காவிட்டால், ஊரும் அதையேதானே சொல்லும்?

"நான்தான் தூக்குவேன் பெரியப்பா."

"வழி பூராம் வெடிப்பு. சட்டியோட விழுந்தா என்னலே செய்வ?"

கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது மனதுக்குள் வேண்டினேன். ஆத்தா, ஆயுசுக்கும் நொண்டிக்கொள்கிறேன். இந்த ஒரு நடையை மட்டும் கொடு.

தெருமுனை தாண்டுவதற்குள் கணுக்கால் நடுங்கியது. கொட்டுச் சத்தம் முன்னால் விரைந்தது, பின்னால் பாடை நெருங்கியது. அப்போது, என்னைத் தடுத்தாரே, அதே பெரியப்பாவின் குரல்:

"ஏப்பா, ஓடாதீக! பிள்ளை நடைக்கு வாங்க!"

கொட்டு மெதுவாயிற்று. பாடை சுமந்தவர்கள், தோள் கடுக்க, நான் நின்றபோதெல்லாம் நின்றார்கள். முன்னால் போன இளவட்டங்கள் மண்கட்டிகளை மிதித்து உடைத்து வெடிப்புகளில் தள்ளினார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தோளில் தண்ணீர்க் குடத்தோடு சிதையைச் சுற்றும்போது, கடைசிச் சுற்றில் கால் மடங்கிவிட்டது. பெரியப்பா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். நான் விழவில்லை. என் கையால்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன்.

என் காலை ஆத்தா குணமாக்கவில்லை. ஊரையே என் நடைக்கு நடக்கவைத்தாள். கேட்டதற்கு மேலே கொடுத்தாள் என்றுதான் சொல்வேன். அம்மா அதைப் பார்க்கவில்லையே என்று இன்றும் அழுகிறேன்.

இப்போது டாக்டர் சொன்னபடி கணுக்காலுக்குப் பட்டை கட்டுகிறேன். கால் வலுப்படப் பயிற்சி செய்கிறேன். மடங்குவது குறைந்திருக்கிறது. வலி போகவில்லை. யாராவது கை நீட்டினால் முன்பு வெட்கப்படுவேன், இப்போது பிடித்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, உங்கள் பிள்ளைக்குக் கால் பிசகினால் ஆத்தாளிடம் சொல்லி அழுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். ஆறும்வரை நடக்க விடாதீர்கள். நேர்த்திக்கடன் தள்ளிப்போகிறதே என்று பயப்பட வேண்டாம். ஆத்தா காத்திருப்பாள். இப்போதெல்லாம் பங்குனிக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன். நடந்து வந்தவர்களோடு சேர்த்து என்னையும்தான் அவள் பார்க்கிறாள்.