மூன்று கை வேலை

"முன்னால நிக்காதேங்கோ. பக்கத்தால வாங்கோ, பக்கத்தால."

யார் வந்தாலும் கஜேந்திரன் முதலில் சொல்வது இதைத்தான். இறுகிய இரும்புகளை அழுத்திக் கழற்றுகிற பிறஸில் எந்தச் சாமானும் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. ஜக்கு ஓய்ந்து கிடக்கும். எண்ணெய் மணம் மட்டும் இருக்கும். என்றாலும் வந்தவரை வேலியோரமாகச் சுற்றித்தான் வரவைப்பார். கோழி ஒன்று இயந்திரத்துக்கு நேரே மேய்ந்தால்கூட எழும்பிப் போய் விரட்டுவார். ஐம்பது வயது. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அது யுத்தத்தின் கடைசி மாதங்களில் மாத்தளனில் போனது. சட்டையின் அந்தக் கையை மடித்து ஊசி குத்தியிருப்பார்.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயற்கிராமம் ஒன்றில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் அவருடைய கறாச், இயந்திரம் திருத்துகிற பட்டறை. இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்தபோது வளவில் வீடு இருக்கவில்லை. அத்திவாரமும் பதுங்குகுழியும் இருந்தன. குழிக்கு மேலே யாரோ தண்டவாளத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றைக் கிளப்பி, முருங்கனில் ஒரு வெல்டிங்காரரிடம் கொடுத்துச் சட்டம் அடிப்பித்தார். நடுவில் இருபது தொன் போத்தல் ஜக்கு ஒன்றை இருத்தினார். ஜக்கு கீழேயிருந்து தூக்கும். மேலேயுள்ள தண்டவாளம் விட்டுக்கொடுக்காது. இடையில் அகப்பட்ட சாமான் அசைந்துதான் ஆகவேண்டும். சம்மட்டியால் நாள் முழுக்க அடித்தும் அச்சைவிட்டு அசையாத பெயாரிங் வளையத்தை இந்தப் பிறஸ் சத்தமில்லாமல் கழற்றிவிடும். லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு வண்டியின் அச்சுகள் வரும், பெரிய உழவு மெசினின் புஸ் வளையங்கள் வரும். தாழ்வுபாட்டுக் கடற்கரையிலிருந்து வள்ளத்து இயந்திரத்தையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

சாமானைக் கையில் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். "இது கடல் குடிச்ச இரும்பு" என்பார். பிறகு விரல் மொளியால் தட்டிக் காதோரம் வைப்பார். என்ன நடந்தது என்று சொந்தக்காரர் விளக்க வெளிக்கிட்டால் பிடிக்காது. "நீங்கள் பேசாமல் இருங்கோ. அது சொல்லும்." பெயாரிங்கோடு மட்டும் பட்சமாகக் கதைப்பார். "வா ராசா, வா. வந்தியெண்டால் உனக்கும் சுகம், எனக்கும் சுகம்."

பிறஸ் அடிப்பது மூன்று கை வேலை. சாமான் சரியாமல் பிடிக்க ஒரு கை, ஜக்குத் தடியை ஏற்றி இறக்க இரண்டு கை. பிடிப்பது கஜேந்திரன், அடிப்பது மனைவி இந்திராதேவி. "எங்கள் ரெண்டு பேருக்கும் சேத்து மூண்டு கை. கணக்குச் சரியாயிருக்கு" என்று வந்தவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். ஒரு வருடமாக அவர் அதைச் சொல்வதில்லை.

இந்திராதேவி வயலில் நாற்று நட்ட பெண். இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் தடியைப் பிடித்தாள். சில மாதங்களில் அவளுடைய உள்ளங்கைக்கு இரும்பின் குணம் பிடிபட்டுவிட்டது. வேலை நடக்கும்போது அவள் பேசியதெல்லாம் இரண்டு சொல். "இறுகுது" என்பாள், அல்லது "இளகுது" என்பாள். கஜேந்திரன் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் அவள் சொல்லி முடித்திருப்பாள்.

போன வருடம் அந்தக் காரியம் நடந்த அன்றைக்கும் சொன்னாள். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு முசலிப் பக்கம் திரும்பி வந்த சனூன், லான்ட்மாஸ்டர் அச்சொன்றைக் கொண்டுவந்திருந்தான். காடு மூடிய காணியை மாரி மழைக்கு முன் உழுதுவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. பெயாரிங் கறள் பிடித்து அச்சோடு ஒன்றாகிப் போயிருந்தது. பாதி வேலையில் இந்திராதேவி தடியை நிறுத்தினாள்.

"இறுகுதப்பா. தடி வேற மாதிரி நிக்குது. கழட்டிச் சூடு காட்டிப் பாப்பம்."

"உனக்கென்ன தெரியும்? இன்னும் ரெண்டு அடி, காணும்."

அவள் ஒன்றுதான் அடித்தாள். பெயாரிங்கின் வெளிவளையம் வெடித்தது. துவக்கு வெடித்த சத்தம்போலவே கேட்டது. பக்கத்து வளவில் பூமணி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்தாள். கஜேந்திரனும் விழுந்து படுத்தார். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு அப்படிப் பழகியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது இந்திராதேவி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இன்னும் தடியில் இருந்தது. மற்றக் கை முகத்தின் இடது பக்கத்தைப் பொத்தியிருந்தது. விரல்களுக்கிடையால் ஒழுகியது.

யாழ்ப்பாணம் வரை கொண்டுபோயும் அந்தக் கண்ணை எடுக்கத்தான் வேண்டியிருந்தது. "மற்றக் கண்ணைக் கவனமாப் பாக்க வேணும். ஒண்டு காயப்பட்டால் சில வேளை மற்றதும் நோகத் தொடங்கிப் பார்வை போகும். சிவந்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே வாங்கோ" என்றார் வைத்தியர். கஜேந்திரன் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம், ஜக்கைக் கால்வட்டம் திருப்பி வைத்தார். தடி பக்கத்துக்கு வந்தது. இனி அடிப்பவர் சாமானுக்கு நேரே நிற்கத் தேவையில்லை. நாலு ஆணி கழற்றி நாலு ஆணி பூட்டுகிற வேலை. அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து நெற்றியைத் தண்டவாளத்தில் மோதினார். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

நாலு மாதம் பிறஸ் சாக்கால் மூடிக் கிடந்தது. வயலில் பாதிக்கு மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தது. ஒற்றைக் கையரைக் கூலிக்குக் கூப்பிட யாருமில்லை. பிறகு அயலில் ஒருவரைத் தடி அடிக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த மனிதர் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேகத்தில் அடித்து, நல்ல அச்சு ஒன்றை வளைத்துப்போட்டார். கஜேந்திரன் தானே சாமானைக் கம்பியால் கட்டிவிட்டுக் காலால் அடித்தும் பார்த்தார், சாமான் சரிந்தது. கடைசியில் சனூனுக்குப் போன் எடுத்து, வேலை இருந்தால் கொண்டுவரச் சொன்னது இந்திராதேவிதான்.

"பைத்தியமா உனக்கு?"

"கண் ஒண்டு போட்டுது. வயிறு போகேல்லையே" என்றாள் அவள்.

சனூன் கண்ணுக்குக் காவலாகப் போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். வியர்வையில் அது ஆவிப் புகார் படிந்து ஒன்றுமே தெரியாமல் போனதால், இரண்டு வேலையோடு அதை ஆணியில் கொழுவிவிட்டாள். கஜேந்திரன் இப்போது ஒவ்வொரு சாமானையும் ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டித்தான் ஏற்றுகிறார். பெயாரிங்கோடு கதைப்பது நின்றுவிட்டது.

இந்த ஆவணியில் அவர் ஒன்றைக் கண்டார். இந்திராதேவி தடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை தடிக்கு இந்தப் பக்கம் வெறுங்காற்றைப் பிடித்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, அது முன்பும் நடந்ததுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். மறுநாள் அவள் வாசலுக்குப் போகும்போது சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"வெளிச்சம் கூசுதோ?"

"அடுப்புப் புகையப்பா."

"நாளைக்கு யாழ்ப்பாணம் போவம்."

"விதைப்பு முடியட்டும். இப்ப விட்டால் ஆர் இஞ்ச வரப்போகினம்? ஒரு கிழமைதானே."

அந்த ஒரு கிழமை மூன்று கிழமையாகிவிட்டது. ஒவ்வொரு விடியவும் அவர் போவோம் என்கிறார். வேலியோரமாக யாரோ அச்சைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி விடுகிறாள். அவளைவிட்டால் அவரிடம் வேறு கை இல்லை.

நேற்றுச் சனூன் உழவு மெசினின் புஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். முசலிப் பக்கம் முதல் மழை விழுந்துவிட்டது என்றான். கஜேந்திரன் சாக்கைச் சுற்றிக் கட்டி, சாமானை நிமிர்த்திப் பிடித்தார். இந்திராதேவி தடவித் தடியைக் கண்டுபிடித்தாள். பத்து அடி, பன்னிரண்டு அடி. தண்டவாளம் மெல்ல முனகியது. அவள் நிறுத்தினாள்.

"இறுகுது."

சனூன் வானத்தைப் பார்த்தான். "இனிக் கழட்டிச் சூடு காட்டினா இண்டைக்கு முடியாதே அண்ணே" என்றான். பிறகு சொன்னதற்கு வெட்கப்பட்டவன்போல நிலத்தைப் பார்த்தான்.

இறுகிய சாமான் இனிப் பிடிக்காமலே நிற்கும். கஜேந்திரன் அதை விட்டு எழும்பினார். எண்ணெய்க் கையைச் சாரத்தில் ஒரு தரம் துடைத்தார். போதாதென்று இன்னொரு தரம் துடைத்தார். மனைவியின் பின்னால் போய் நின்று, அவளுடைய மிச்சமிருந்த வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இப்ப அடி" என்றார்.