வேகவைத்த சேறு

செய்தி வந்தபோது காலை பத்து மணி. ஆலை மேலாளர்தான் கூப்பிட்டார். "தம்பி, அக்கா ஆய்வகத்துலயே மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாங்க."

அக்கா துணி ஆலையில் கழிவுநீரைச் சோதிப்பவள். நெய்யும்போது இழை அறாமலிருக்க நூலுக்குப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை பூசுவார்கள். துணியை அலசினால் பசை சாக்கடைக்குப் போகும், லேசில் மக்காது. பசை கலந்த நீர் நுரைக்கும்; ஆலைக்குப் பின்னால் சாக்கடைச் சேற்றில் ஓரிடத்தில் மட்டும் அந்த நுரை தங்குவதில்லை. ஏன் என்று அக்காவுக்கு ஒரே குடைச்சல்.

"அந்தச் சேத்துல இருக்கிற பாக்டீரியாகிட்ட ஒரு கத்திரி இருக்குடா," என்பாள். அவள் சொன்ன கத்திரி ஒரு நொதி. பசை என்பது கார்பன்கள் கைகோத்த நீளச் சங்கிலி. வேறொரு நொதி முதலில் அதில் கீட்டோன் முடிச்சுகளைப் போடும். அந்த முடிச்சருகே கத்திரி நீரை நுழைத்துக் கார்பனையும் கார்பனையும் பிரித்துவிடும்.

"தண்ணிய வச்சு வெட்டுமாக்கா?"

"நீ வெறும் வாய வச்சே ஊரை வெட்டுறியே!"

பசைநீரில் அந்தச் சேற்றைக் கலந்து வைத்து அயோடின் விட்டுப் பார்ப்பாள்; பசை இருந்தால் நீலம் காட்டும். ஒரு மாலை நீலம் வரவே இல்லை. அக்கா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். காலையில் பார்த்தால் அதே சோதனைக் குழாயில் நீலம்! வெட்டை நிறுத்துவதற்காகச் சூடாக்கிய நீரை ஆறவிடாமலே சோதித்திருக்கிறாள்; சூட்டில் நீலம் ஒளிந்துகொள்ளும்.

"என்னம்மா, ராத்திரி தின்னத உங்க பூச்சி வாந்தி எடுத்துடுச்சா?" என்றார் மேலாளர்.

"உங்க கேன்டீன் டீயக் குடிச்சிருக்கும் சார்."

போன வாரம் ஆறவிட்டே சோதித்தாள். நீலம் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்ய மேலாளர் சேற்றுத் தொட்டி கட்டவே சம்மதித்துவிட்டார். அக்காதான் தடுத்தாள். "பசை வெட்டுப்பட்டுச்சா, சேத்துல ஒட்டிக்கிச்சான்னு தெரியாம கட்டினா, நாளைக்கு நாறிடும் சார்."

அதற்காக இன்னொரு பாட்டில் வைத்தாள். அதே பசை, அதே சேறு. ஆனால் வேகவைத்த சேறு. வெந்தால் கத்திரி செத்துவிடும். அங்கே நீலம் வந்தால் கத்திரி நிஜம். வராவிட்டால் பசை வெறுமனே ஒட்டியிருக்கிறது.

அவளுடைய கண்ணாடியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துவர ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். "பாட்டிலயெல்லாம் கழுவி வைக்கச் சொல்லட்டுமா தம்பி?" என்று மேலாளர் மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வேகவைத்த சேற்றில் இன்னும் யாரும் அயோடின் விடவில்லை.