கழுத்துப் பட்டன்

பின்னால் வந்த காரின் எண்ணைப் படிக்கத் தலையைத் திருப்பியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கேட் கம்பியைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தார். பட்டப்பகல். முகத்துக்கு அருகே சூப்பர்வைசரின் ஷூ.

"நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு ஒரு திறமை வேணும்யா. இது மூணாவது தடவை. டாக்டர் சீட்டு இல்லாம நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

அவர் ஓர் அலுவலகத்தின் வாசலில் பதினோரு வருடமாகக் காவலாளி. வருகிற வண்டிக்கு ஒரு சல்யூட், நோட்டில் எண், அடுத்தது வருகிறதா என்று திரும்பி ஒரு பார்வை. அவ்வளவுதான் வேலை. ஒரு மாதமாகத்தான் இப்படி விழுகிறார். டிரைவர்கள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மறுத்துப் பேசவும் அலுப்பாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு கேட் தேடி அலைய உடம்பில் தெம்பில்லை.

மாலை மனைவியோடு டாக்டரிடம் போனார். பிரஷர் சரியாகத்தான் இருந்தது.

"எப்பல்லாம் விழுறீங்க? திரும்பும்போதா?"

யோசித்துப் பார்த்தால், ஆமாம்.

சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பச் சொன்னார் டாக்டர். மணிக்கட்டில் விரல் வைத்திருந்தவர் சட்டென்று பட்டனைக் கழற்றிவிட்டார். நாடி பாதியாகியிருந்தது.

"கழுத்து ரத்தக்குழாயில ஒரு இடம் இருக்கு. பிரஷர் எவ்வளவுன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க காலர் அதைப் போய் அழுத்துது. பிரஷர் எகிறிப்போச்சுன்னு மூளை நம்பிடுது. இதயத்தை மெதுவாக்குது, குழாயைத் தளர்த்துது. உள்ள பிரஷர் ஏறவே இல்ல. கடைசியில மூளைக்கே ரத்தம் பத்தாம ஆளு கீழ."

"விழுந்ததும் தெளிஞ்சிடுதே, டாக்டர்?"

"படுத்தா ரத்தம் மேல ஏற வேண்டியதில்லையே. நெஞ்சுக்கு ஒரு மெஷின் வச்சும் பாத்துடலாம். அதுவரைக்கும் காலர் லூசா இருக்கட்டும். திரும்பினா உடம்போட திரும்புங்க."

மனைவி அவருடைய காலரைத் தொட்டுப் பார்த்தாள். காலர் தொளதொளவென்று தொங்குகிறதென்று போன மாதம் சூப்பர்வைசர் திட்டியதாக அவர் வீட்டுக்கு வந்து சொன்ன அன்றே, மூன்று சட்டைகளிலும் பட்டனை ஒரு விரல் உள்ளே தள்ளித் தைத்தவள் அவள்தான்.

பஸ்ஸில் மெல்லச் சொன்னாள். "ஏங்க, நான்தான் இழுத்துத் தச்சுட்டேன்."

"நீ தச்ச பட்டன் நல்லாத்தான் நின்னுது. நான்தான் நிக்கல."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்தாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் சீட்டை இரண்டு முறை படித்தார். மூடிய காலருக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். சரி, நில் என்றார். மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் உடம்போடு திரும்பினார். விழவில்லை. டிரைவர்கள் தூங்குமூஞ்சி என்றே கூப்பிட்டார்கள். ஆறு மணிக்கு அடுத்த ஆள் வந்ததும் நோட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.