முன்னேற்றம் தெரிகிறது

தெருவில் அவரை ஆமை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் முடிதிருத்துபவர். அவர் நாற்காலியில் கறுப்பு முடியோடு உட்கார்ந்தவன் நரையோடுதான் எழுந்திருப்பான் என்பது கடைவீதியின் பழைய கேலி. குழந்தைகளுக்கு மட்டும் அந்த நிதானம் பிடித்திருந்தது. கத்தரிக்கோல் காதருகே வரும்போது எதையாவது முணுமுணுத்துச் சிரிக்க வைத்துவிடுவார்.

குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா தன்னார்வலர்களைத் தேடி வந்தபோது முதலில் பிடித்தது இவரைத்தான். "தலையெழுத்தை யாராலயும் பாக்க முடியாது. தலையையாவது நீங்க பாக்கறீங்களே" என்றார். பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து இரண்டு நாள் பயிற்சி. கடைசியில் புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். வம்பை விலை கொடுத்து வாங்கிவந்திருக்கிறீர்கள் என்றாள் மனைவி.

ஒரு மழைக்காலத்தில், பேன் தொல்லை தாங்காமல் ஆறு வயது மகளை முடி ஒட்ட வெட்டக் கூட்டிவந்தாள் வேன் டிரைவரின் மனைவி. பிடரி முடியை ஒதுக்கியபோது வட்ட வட்டமாக மூன்று காயங்கள். சிகரெட் முனை அளவு. ஒன்று இன்னும் ஆறவில்லை. கண்ணாடியில் தாயின் முகத்தைப் பார்த்தார். கொசுக்கடியைச் சொறிந்துவிட்டாள் என்று அவர் கேட்காமலே அவள் சொன்னாள். சிறுமி அன்று சிரிக்கவே இல்லை.

மாலையே அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். அலுவலகத்து அம்மா விசாரிக்க வர நான்கு நாளாயிற்று. வேலை போய் ஆறு மாதமாக வீட்டிலிருந்த டிரைவர், இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலி எடுத்துப் போட்டான். அக்கம்பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பிரிக்கப் போதிய ஆதாரம் இல்லை, காப்பகத்திலும் இடமில்லை. ஆமை அண்ணன் வாராவாரம் போய்க் குடும்பத்துக்குத் துணையாக இருக்கட்டும், படிவம் நிரப்பித் தரட்டும் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மூன்று செவ்வாய் போனார். யார் தகவல் கொடுத்தது என்று டிரைவருக்குத் தெரியும்; காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்த இரண்டு மூன்று இடங்களில் அவனுக்காக வேலைக்குச் சொல்லிவைத்தார். மூன்றாம் வாரம் அவன் உடைந்து அழுதான்.

"கோபம் வந்தா கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுண்ணே. இனிமே தொட மாட்டேன். எம்பொண்ணு மேல சத்தியம்."

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. செருப்பை மாட்டும்போது அவன் மனைவி வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, நீங்க போனதுக்கப்புறம்தான்..." என்று ஆரம்பித்தாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லண்ணே. பாத்துப் போங்க."

என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு மனிதன் திருந்திவிட்டான் என்ற நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அன்றே படிவத்தில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய் வீடு பூட்டிக் கிடந்தது. நான்கு நாள் முன்பே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் அவர் தெருமுனை தாண்டியதும் குழந்தை அலறும் சத்தம் கேட்கும் என்று மேல்வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். அடுத்த வீட்டு விஷயம், நமக்கேன் என்று இருந்துவிட்டாராம்.

அலுவலகத்துக்கு ஓடினார். அந்த அம்மா கோப்பை அவர் பக்கம் திருப்பினார். "நீங்க எழுதினத வச்சுத்தான் முடிச்சுட்டோம். மறுபடி திறக்கணும்னா விலாசம் வேணும். இருக்கா?" குரலில் கடுமை இல்லை. களைப்பு இருந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் விசாரித்தார். வேன் நிறுத்தங்களில் கேட்டார். ஒரு வருடம் கேட்டுப் பார்த்து ஓய்ந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வேறு ஆளில்லை, நீங்களே இருங்கள் என்று அந்த அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் பிள்ளைகளின் தலையைத் தடவி உளவு பார்க்கிறவர் என்ற பேச்சு அதற்குள் தெருவெங்கும் பரவியிருந்தது. பெற்றவர்கள் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள். இப்போது அவரிடம் வருவது வயதானவர்கள் மட்டும்தான்.