நல்ல காலுக்கு ஒரு கட்டு

எனெலெசி தன் பழைய இடுப்புத் துணியைக் கிழித்து மகளின் கணுக்காலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய விதத்தில் குறையில்லை. வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் நான் கற்றதை அவளுக்கும் காட்டியிருந்தேன். ஆனால் காலில் வீக்கம் இல்லை. அழுத்திப் பார்த்தேன். தகோண்ட்வா முகம் சுளிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண். இரண்டு மாதமாக யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள், ஊட்டினால் சாப்பிடுவாள்.

"நல்ல காலுக்கு எதுக்குடி கட்டு?"

"பேசாம இருங்க அத்தை. காலு சுளுக்கிக்கிச்சுன்னு கோயில் பொம்பளைங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. துருவிக் கேட்டதும் சொன்னாள். அவள் மூத்த மகன் மாமரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, எங்கள் டெட்ஸா மாவட்டத்து வழக்கப்படி தேவாலயப் பெண்கள் சங்கம் மாவும் சர்க்கரையும் சோப்பும் சுமந்து பாடிக்கொண்டே வந்தது. தலைவி நாஜெரே ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் சைக்கிளைக் கொடுத்தாள். இந்தப் பெண்ணைப் பார்க்க ஒருத்தியும் வரவில்லை. சூனியக்காரி ராத்திரியில் தன்னோடு பறக்கக் கூட்டிப்போகிற பிள்ளை என்று பேச்சு. ஆஸ்பத்திரியில் உடைந்த காலுக்கு எந்த நாளும் கட்டுப் போடுவார்கள்; மனநல நர்ஸ் மாதத்தில் ஒரு வியாழன்தான் வருவார். நாளை அந்த வியாழன். பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். போன மாதம் பாதி வழியில் பெண் உட்கார்ந்துவிட்டாள். சைக்கிள் வேண்டும்.

பொய்யை நான் தடுத்திருக்க வேண்டும். என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசையில் விட்டுவிட்டேன்.

மாலையில் மாவும் சோப்புமாக ஆறு பேர் வந்தார்கள். நாஜெரே கட்டைத் தடவினாள். "ரொம்ப வலிக்குதா கண்ணு?"

"வலிக்கல," என்றாள் தகோண்ட்வா. இரண்டு மாதத்தில் முதல் சொல். குனிந்து கட்டை அவளே அவிழ்த்தாள்.

நாஜெரே மாவுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எனெலெசியிடம் திரும்பினாள். "எங்கள ஏமாத்தினியா?"

"உள்ளதச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாக்கா?"

"அது வேற மாதிரி நோவு."

"மாவ காலு திங்குமா, பிள்ள திங்குமா?" என்றேன் நான்.

பின்னாலிருந்து ஒருத்தி, "போன வாரம் நாஜெரே புருசனுக்குத் தலைவலின்னு கோழி கொண்டுபோனோமே. அது சாராயத் தலைவலி," என்றாள். சிரிப்பு எழுந்தது.

நாஜெரே சிரிக்கவில்லை. மாவோடு எழுந்து போனாள். மூன்று பேர் அவள் பின்னால். மற்ற இருவர் சோப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், பெண்ணிடமிருந்து சற்றுத் தள்ளி.

மறுநாள் காலை நாஜெரேயின் சைக்கிள் எனெலெசி வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. ஆளைக் காணோம். பின்சக்கரத்தில் காற்றும் இல்லை. அது கோபமா மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பம்பு இரவல் வாங்கி வந்து காற்றடித்தேன். எனெலெசி அந்தக் கட்டுத் துணியை மடித்துப் பின்னிருக்கையில் மெத்தையாகக் கட்டினாள். தகோண்ட்வாவை ஏற்றித் தள்ளிக்கொண்டு கிளம்பினோம்.