ஆறு குழிக் கல்

அடுத்த அறையில் யாரோ கல்லைத் தட்டினார்கள். டொக், டொக் என்று, தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

மாணிக்கவேல் அச்சுப்படியிலிருந்து தலையைத் தூக்கினார். எழுபத்து மூன்று வயதில் தலையைத் தூக்குவதும் ஒரு வேலைதான்.

"யாரது, பரிமளா?"

"முள்ளிப்பட்டு கமலக்கண்ணன். புடவை கொண்டாந்திருக்காரு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

ஆரணியில் மூன்று தலைமுறைப் பட்டு வியாபாரம். களம்பூரில் அரிசி மில். இரண்டிலும் மாணிக்கவேலின் மனம் ஒட்டியதில்லை. கல்யாணமான வருஷமே மொட்டைமாடியில் தகரக் கூண்டு கட்டித் தொலைநோக்கியை வைத்தார். பகலில் பழங்காசு, எழுத்து வெட்டிய கல் என்று ஊர் ஊராக அலைந்தார். "என் சக்களத்தி மாடியில இருக்கா" என்று பரிமளா சிரித்துக்கொண்டே சொல்வாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. சொல்வது மட்டும் நிற்கவில்லை.

அந்தக் கல், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் முள்ளிப்பட்டில் சாலை போட்டபோது பெயர்ந்து பள்ளத்தில் கிடந்தது; அவர் வீட்டுக்கு எடுத்துவந்தார். மேலே ஆறு குழிகள். அவர் கணிப்பில் ஐந்து, ரோகிணி நட்சத்திரத்தின் ஐந்து மீன்கள். விலகி நின்ற ஆறாவது, அருகே வந்த சனி. சனி அவ்வளவு நெருங்கி வந்த வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்து, கல்லுக்கு ஆயிரத்து அறுநூறு வயது என்று எழுதினார். அவர் ஆயுளின் ஒரே புத்தகம் அது. அச்சகத்துக்கு இன்று சரி என்று சொல்ல வேண்டும்.

"இன்னா கமலக்கண்ணா, கல்லைத் தட்டற?"

உள்ளே வந்த நெசவாளி வெட்கத்தோடு சிரித்தார். "பழைய பாசம், முதலாளி. எங்க தெரு பாவு கல்லாச்சே."

"பாவு கல்லா?"

"தெருவுல பாவு நூலை நீட்டிக் கட்ட முளை நடுவோம்ல, அந்தக் கல்லு. ஆறு வீட்டுக்கும் ஒரே தெரு. இடத்துக்குத் தெனம் அடிதடி. அதான் வீட்டுக்கு ஒரு குழின்னு எங்க தாத்தாங்க போட்டுக்கினாங்க."

மாணிக்கவேல் அச்சுப்படியில் கல்லின் படம் இருந்த பக்கத்தைப் புரட்டினார். பாதி ஊருக்குத் தறி வேலை கொடுத்தவர் அவர். பாவு இழுக்கும் விடியற்காலையை ஒருநாளும் கண்டதில்லை. மாடியிலிருந்து இறங்கி அவர் தூங்கப் போகும் நேரம் அது.

"அந்த ஓரத்துக் குழி?"

"முத்துவேல் தாத்தாவோடது. தண்ணி போட்டுகினு அடிச்சாரு. கோணிக்கிச்சு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இத்தினி வருஷமா ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"எங்கப்பா சொல்லத்தான் வந்தாரு. நீங்க கல்லுக்கு சந்தனம் வெச்சு எல்லாருக்கும் காட்டிகினு இருந்தீங்க. முதலாளி மூஞ்சி வாடிடும்னு காபி குடிச்சிட்டு வந்துட்டாரு. கல்லு போனப்புறம் ரெண்டு வருஷம் தெருவுல ஒரே பேஜார்."

பரிமளா வாசற்படியில் வந்து நின்றாள். எத்தனையோ இரவு தனியாகப் படுத்தவள். இன்று அவள் என்ன சொன்னாலும் தகும் என்று அவர் தலை குனிந்தார்.

"புத்தகத்தை அப்படியே போடச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்தார். சனி என்ற சொல்லை அடித்தார், பக்கத்தை அடித்தார், அப்புறம் பக்கம் பக்கமாக, கை வலிக்கும்வரை.

"கல்லை எடுத்துனு போறியா?"

"வேணாம் முதலாளி. இப்ப இரும்புக் கம்பி நட்டுட்டோம். வீட்டுக்கு ஒண்ணு."

கமலக்கண்ணன் புடவையை மேஜைமேல் வைத்துவிட்டு, போகிற வழியில் கல்லை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியேறினார். பரிமளா கதவைச் சாத்தினாள்.