வெள்ளோடு குளமும் தனத்தின் இடது கண்ணும்

பொங்கல் லீவுக்கு எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. என் மனைவி தனத்துக்கு இடது கண்ணில் புரை எடுத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடி வரை பஸ்ஸில் குலுங்க வேண்டாமே என்று திருப்பூர் வேலம்பாளையத்திலேயே இருந்துவிட்டோம். அவளுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. புரை வந்த பிறகு ஷேடு, அதாவது நிறம், மாறிய பீஸ்களை நாலைந்து தடவை கவனிக்காமல் விட்டதில், நூல் பிசிறு வெட்ட மாற்றிவிட்டார்கள். லீவு முடிந்து மறுபடி செக்கிங்கில் உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "நிறம் தெரியலைன்னா என்ன பண்ணுவேன்?" வீட்டில் இதே புலம்பல்தான். கொஞ்சம் மனசு மாறட்டும் என்று வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனேன்.

தூசிக்குப் பயந்து வண்டியை எடுக்கவில்லை. திருப்பூரில் காலை 6.10க்கு பஸ். ஊத்துக்குளி வழியாகச் சென்னிமலை 7.25. டீ குடித்துவிட்டு ஈரோடு பஸ்ஸில் ஏறி, வெள்ளோட்டில் இறங்கியபோது 8.15. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், ஆளுக்குப் பதினாறு ரூபாய். குளம் "பக்கந்தானுங்க" என்றார் டீக்கடைக்காரர். அந்தப் "பக்கம்" அரைமணி நேர நடை. கொங்கு நாட்டுப் பக்கத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்!

குளம் நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் வேலமரங்கள், மரத்துக்கு மரம் கூடு. தனம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பீஸ் பார்க்கிற மாதிரியே இடமிருந்து வலமாக ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, அந்தக் கொக்குக்கெல்லாம் தலை மஞ்சளாவா இருக்கு?"

நான் குனிந்து, கையோடு கொண்டுபோன சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "கொக்கு வெள்ளைதானே தனம்" என்றேன்.

பொட்டலத்தோடு திரும்பினால், ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறாள், மறு கண்ணைப் பொத்திப் பார்க்கிறாள், பொலபொலவென்று அழுகிறாள். "வெள்ளையில மஞ்சள் ஷேடு அடிக்குதுங்க. என் கண்ணு போச்சு." சுண்டலை அப்படியே போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

கரைமேல் வந்த வனக்காவலர், "ஏனுங்க அம்மணி, எதுக்கு அழுவறீங்க?" என்றார். தனம் கொக்கைக் காட்டிச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"அது உண்ணிக்கொக்குங்க. கூடு கட்டற சமயத்துல தலையும் கழுத்தும் மஞ்சளாத்தானுங்க மாறும். உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க. அத்தனை தூரத்துல எனக்கே மங்கலாத்தான் தெரியுது!"

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சளேதான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அப்போ பாக்காமலேதான் சொன்னீங்களா?" பஸ்ஸில் திரும்பும் வழி முழுக்க இதே கேள்வி.

இதை நான் பிரவுசிங் சென்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன். தனம் செக்கிங்கில் உட்கார்ந்து இன்றோடு நாலு நாள். ஒரு பீஸ்கூடத் தப்பவில்லை.

போகிறவர்கள் ஜனவரியில் போங்கள், ஒன்பதுக்குள் கரையில் இருங்கள். குளத்துப் பக்கம் கடை ஏதும் கண்ணில் படவில்லை, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் என்ன நிறம் என்று கேட்டால், தயவுசெய்து நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.